பத்து நாடா, மூன்று ஊரா? ஐரோப்பியப் பயணத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு வழிகாட்டி

ஐரோப்பிய பேக்கேஜ் டூர் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பது நாடுகளின் எண்ணிக்கைதான். பன்னிரண்டு இரவு, ஒன்பது நாடு. பதினான்கு இரவு, பதினோரு நாடு. லட்சக்கணக்கில் பணம் கட்டப் போகிறவர், கூடுதல் நாடு காட்டும் டூரே லாபம் என்று நினைப்பது இயல்பு. ஆனால் ஒரு பயணம் எப்படி அமையும் என்பதைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்வதில்லை. காலையில் கண் விழித்த ஊரிலேயே இரவும் தூங்குகிற நாட்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பெட்டியைத் தூக்காமல், பேருந்தைப் பிடிக்க ஓடாமல் ஓர் ஊர் முழுக்க நம் கையில் இருக்கும் நாட்கள் அவை. இந்த அளவுகோலை வைத்தால் முன்னால் உள்ள மூன்று வழிகளும் தெளிவாகப் பிரிந்துவிடுகின்றன. குழுவோடு பேருந்தில் பல நாடுகளைச் சுற்றுவது ஒன்று. ஒரே ரயில் பாதையில் உள்ள மூன்று ஊர்களில் தங்கிச் செல்வது இன்னொன்று. ஒரே ஊரில் தங்கி, பகலில் மட்டும் அக்கம்பக்கத்து நாடுகளுக்குப் போய்வருவது மூன்றாவது. இரண்டு வார விடுப்பில் முதல் முறை போகிறவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டாவது வழியே சரி என்பது என் முடிவு.

முதலில் பேருந்தின் கணக்கைப் பார்ப்போம். பாரிஸிலிருந்து ஸ்விட்சர்லாந்தின் லூசெர்னுக்குச் சாலைவழி அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். சுற்றுலாப் பேருந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்ட முடியாதபடி வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டுநர் நான்கரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும். ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பத்து மணி நேரத்துக்கு மேல், ஓட்டக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம் இது. பயணிகளின் உயிரைக் காக்கும் நல்ல சட்டம். டூர் மேலாளர் எவ்வளவு கெஞ்சினாலும் மாறாது. ஆக, சாப்பாட்டையும் கழிவறை நிறுத்தங்களையும் சேர்த்தால் அன்றைய பகல் முழுவதும் நெடுஞ்சாலையிலேயே போய்விடும். அதே தூரத்தை பாசல் நகரில் ஒரு முறை மாறி ரயிலில் கடக்க நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், அவ்வளவுதான். ஊர் வந்து சேர்ந்த பிறகும் பேருந்தின் சிக்கல் தீருவதில்லை. 7.5 டன்னுக்கு மேற்பட்ட சுற்றுலாப் பேருந்துகள் 2024 முதல் ஆம்ஸ்டர்டாமின் நகர மையத்துக்குள் நுழைய முடியாது. வெனிஸுக்குப் போகும் பேருந்துகள் திரான்கெட்டோ தீவில் நின்றுவிடும், அங்கிருந்து படகு. ஃப்ளாரன்ஸிலும் பழைய நகரத்துக்கு வெளியே இறங்கி நடக்க வேண்டும். இந்த ஊர்களின் ரயில் நிலையங்களோ மையத்திலேயே இருக்கின்றன. வெனிஸ் நிலையத்தின் வாசற்படியில் இறங்கினால் எதிரே கிராண்ட் கால்வாய்.

இதனால் ரயிலில் ஏறிவிட்டாலே எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. ஊர் மாறுவதற்கு, தூரத்தோடு தொடர்பே இல்லாத ஒரு செலவு உண்டு. பெட்டி கட்ட வேண்டும், காலை பதினோரு மணிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும், புதிய ஊரில் மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும், அதுவரை பெட்டியை எங்காவது வைக்க வேண்டும், புது ஊரின் மெட்ரோ டிக்கெட் முறையைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேர ரயில் பயணமானாலும் அரை நாள் போய்விடும். பன்னிரண்டு இரவுப் பயணத்தில், வந்து இறங்கும் நாளையும் திரும்பும் நாளையும் விட்டால் பதினோரு நாள் மிஞ்சும். ஏழு ஹோட்டல்கள் என்றால் ஆறு முறை இடம் மாற வேண்டும். ரயிலிலேயே போனாலும் மூன்று நாள் காலி, பேருந்தானால் ஐந்தாறு நாள்கூடப் போகலாம். மூன்று ஹோட்டல்கள் என்றால் இரண்டே மாற்றம், ஒரே நாள் இழப்பு. மலிவு விமானங்களுக்கும் இது பொருந்தும். பாரிஸ் என்று போட்டு விற்கும் சில டிக்கெட்டுகள் நகரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும் போவே விமான நிலையத்துக்கானவை. விமானத்தில் இருக்கும் நேரத்தைவிட அங்கே போகிற நேரம் கூடிவிடலாம்.

வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் போகப் போகிறோம், முடிந்தவரை எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், சீட்டுப் பிடித்துச் சேர்த்த பணத்தில் போகிறவரின் கேள்வி அது. ஒரே முறைதான் என்பதாலேயே, பார்ப்பதை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பேன். பயண நிரலை வரிவரியாகப் படியுங்கள். நுழைவுச் சீட்டும் அடங்கும் என்று எத்தனை இடங்களுக்கு எழுதியிருக்கிறது, பேருந்திலிருந்து பார்த்தல், படமெடுக்க நிறுத்தம் என்று எத்தனை இடங்களுக்கு எழுதியிருக்கிறது என்று பிரித்துப் பார்த்தால், முதல் பட்டியல் சிறியதாகவே இருக்கும். நாடுகளின் எண்ணிக்கைதான் முக்கியம் என்பவருக்குக்கூட பேருந்து தேவையில்லை. பிரஸ்ஸல்ஸில் ஒரே அறை எடுத்துத் தங்கினால் பாரிஸ் ஒன்றரை மணி நேரத்துக்குள், ஜெர்மனியின் கொலோன் இரண்டு மணி நேரத்துக்குள், ஆம்ஸ்டர்டாம் சுமார் இரண்டு மணி நேரத்தில், லக்ஸம்பர்க் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில். பெட்டி திறந்தது திறந்தபடியே இருக்க, ஐந்து நாடுகள் ஆகிவிடுகின்றன. லக்ஸம்பர்க்கில் 2020 முதல் உள்நாட்டுப் பேருந்து, டிராம், இரண்டாம் வகுப்பு ரயில் எல்லாவற்றிலும் பயணம் இலவசம் என்பது கூடுதல் செய்தி. வியன்னாவிலிருந்து ஸ்லோவாக்கியாவின் தலைநகர் பிராட்டிஸ்லாவா ரயிலில் ஒரு மணி நேரம்தான். ஐரோப்பாவில் எல்லை தாண்டுவது இவ்வளவு எளிது என்னும்போது, தாண்டிய எல்லைகளை எண்ணி என்ன தெரிந்துகொள்ள முடியும்?

எந்த ரயில் பாதை என்பதுதான் யோசித்து எடுக்க வேண்டிய முடிவு. ஒரு பாதையில் உள்ள ஊர்கள் ஒன்றோடொன்று ஏதாவது ஒரு கதையால் கோக்கப்பட்டிருந்தால், முதல் ஊரில் கற்றது இரண்டாவது ஊரில் உதவும். ஓவியத்தில் ஈடுபாடு உள்ளவர்கள் பெல்ஜியம், ஆம்ஸ்டர்டாம், பாரிஸ் பாதையை எடுக்கலாம். பிரஸ்ஸல்ஸிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கும் கெண்ட் நகரின் புனித பாவோ பேராலயத்தில், வான் ஐக் சகோதரர்கள் 1432இல் முடித்த பலிபீட ஓவியம் இருக்கிறது. எண்ணெய் வண்ணத்தில் ஒரு மணியின் பளபளப்பு, ஒரு புல்லின் நுனிவரை காட்ட முடியும் என்று உலகுக்குத் தெரிந்தது அதில்தான். அங்கிருந்து ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போனால், ரெம்ப்ராண்ட் 1642இல் வரைந்த ‘இரவுக் காவல்’. அதைப் புதுப்பிக்கும் வேலையை 2019 முதல் கண்ணாடி அறைக்குள், பார்வையாளர் கண்முன்னேயே செய்கிறார்கள். மேலே பூசியிருந்த பழைய வார்னிஷை 2024 இறுதியிலிருந்து எடுத்துவருகிறார்கள். கடைசியாக பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகம். அங்கே மோனேவும் வான்கோவும் அந்த நுணுக்கத்தையெல்லாம் தள்ளிவைத்துவிட்டு வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்ப்பது தெரியும். நானூற்றைம்பது ஆண்டுகளில் மனிதக் கண் எப்படி மாறியது என்பதைப் பத்துப் பன்னிரண்டு நாளில் வரிசையாகப் பார்க்கலாம். ஓர் ஊருக்கு ஒரு பகல் என்ற கணக்கில் இது கைகூடாது.

பிராக், வியன்னா, புடாபெஸ்ட் பாதை சிக்கனமாகப் போகிறவர்களுக்கு. பிராக்கிலிருந்து வியன்னா நான்கு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்ட் இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். மூன்றும் 1918 வரை ஹாப்ஸ்பர்க் அரச மரபின் கீழ் இருந்தவை; அரண்மனை, ஓபரா, காபிக்கடை என்று ஒரே வீட்டுச் சகோதரிகளின் சாயல் மூன்றிலும் தெரியும். பிராக்கிலும் புடாபெஸ்டிலும் தங்கவும் சாப்பிடவும் ஆகும் செலவு பாரிஸைவிட நன்றாகவே குறைவு. செக் நாட்டில் கொருனா, ஹங்கேரியில் ஃபோரின்ட் என்று பணம் மாறும். கார்டு ஏறக்குறைய எங்கும் செல்லும் என்பதால் பெரிய தொல்லை இல்லை. மலையும் வேண்டும், இத்தாலியும் வேண்டும் என்பவருக்கு ஜூரிக் அல்லது லூசெர்ன், வெனிஸ், ரோம். 57 கிலோமீட்டர் நீளமுள்ள காட்ஹார்ட் சுரங்கம் 2016இல் திறந்த பிறகு ஜூரிக்கிலிருந்து மிலான் மூன்றேகால் மணி நேரமாகிவிட்டது. மிலானிலிருந்து வெனிஸ் இரண்டரை, வெனிஸிலிருந்து ஃப்ளாரன்ஸ் இரண்டு சொச்சம், அங்கிருந்து ரோம் ஒன்றரை. மூன்று பாதைகளில் இதுதான் செலவு மிக்கது, ஸ்விட்சர்லாந்து அப்படி. லண்டனை எதோடும் சேர்க்காமல் விடுவது நல்லது. ஒரே விசாவில் பல நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டில் பிரிட்டன் இல்லாததால் இரண்டு நாளுக்காகத் தனி விசா எடுக்க வேண்டிவரும்.

வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு, மொழி தெரியாத ஊரில், சைவச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்ற தயக்கம் கனமானது. குழு டூரில் இந்தியச் சாப்பாடு நிச்சயம்; பெட்டியைப் பேருந்தின் வயிற்றிலேயே விட்டுவிடலாம்; உடம்புக்கு ஏதாவது என்றால் பேச ஓர் ஆள் இருக்கிறார். ரயிலில் ஏறும்போது படியில் பெட்டியைத் தூக்க வேண்டியது நம் வேலைதான். சாப்பாட்டுக் கவலை மட்டும் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் பிரஸ்ஸல்ஸிலிருந்தும் ரயில் வந்து நிற்கும் பாரிஸின் கார் து நோர் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் லா ஷப்பல். ஈழத் தமிழர்களின் மளிகைக் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் வரிசையாக உள்ள அந்தப் பகுதியில் தோசையும் இடியப்பமும் கிடைக்கும். மற்ற பெரிய நகரங்களிலும் இந்திய உணவகம் இல்லாத இடம் அரிது. சமையலறையோடு கூடிய சிறு வீட்டை வாடகைக்கு எடுத்து மூன்று நான்கு நாள் தங்கினால் ஒரு வேளை சோறும் ரசமும் வைத்துக்கொள்ளலாம்; தினமும் ஊர் மாறுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை. மூட்டுவலி உள்ள பெரியவருக்கும், காலை ஏழு மணிக்கு லாபிக்கு வந்தே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தைவிட, இன்று அறையில் ஓய்வெடுக்கிறேன் என்று சொல்லும் உரிமை பெரிய ஆறுதல். துணைக்கு இளையவர் யாருமில்லாமல் பெரியவர்கள் மட்டும் போகிறார்கள் என்றால், தயங்காமல் குழு டூரையே எடுங்கள். அதிலும் எண்ணிக்கை குறைவான நாடுகளும், ஒவ்வோர் ஊரிலும் குறைந்தது இரண்டு இரவும் உள்ள டூராகப் பார்த்து எடுங்கள்.

பணக் கணக்கில் ஒப்பிடும்போது பேக்கேஜின் முகப்பு விலையை மட்டும் பார்க்கக் கூடாது. அதில் சேராத மதியச் சாப்பாடு, ஓட்டுநருக்கும் வழிகாட்டிக்கும் டிப்ஸ், கூடுதல் கட்டணத்தில் விற்கப்படும் சுற்றுகள் ஆகியவற்றையும் கூட்டிக்கொண்டு ஒப்பிடுங்கள். ரயில் பக்கம், மூன்றே ஊர்ப் பயணத்துக்கு, பல நாட்டு ரயில்களிலும் செல்லும் யூரெய்ல் பாஸ் பெரும்பாலும் தேவைப்படாது. அதிவேக ரயில்களின் கட்டணம் விமானத்தைப் போல ஏறும் என்பதால், முன்கூட்டியே தனித்தனி டிக்கெட்டாக எடுத்தால் மலிவு. பாஸ் வைத்திருந்தாலும் யூரோஸ்டார், பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் அதிவேக ரயில்களில் இருக்கைக்குத் தனியாகக் கட்ட வேண்டும். ரயில் தாமதமானால் என்ன ஆகும் என்பதையும் கேட்டாக வேண்டும். ஜெர்மனியில் 2024இல் நெடுந்தூர ரயில்களில் 62.5 விழுக்காடுதான் நேரத்துக்கு வந்து சேர்ந்தன. அதனால் வண்டி மாறாமல் நேராகப் போகும் ரயிலாகத் தேர்ந்தெடுங்கள். ஊர் திரும்பும் விமானத்தைப் பிடிக்க அன்று காலை ரயிலை நம்பாமல் முந்தைய இரவே விமானம் கிளம்பும் ஊருக்கு வந்துவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மணி நேரத் தாமதத்துக்குக் கட்டணத்தில் கால் பங்கும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் பாதியும் கேட்டு வாங்கலாம். விமான டிக்கெட்டை ஓர் ஊரில் இறங்கி வேறோர் ஊரில் ஏறுகிற மாதிரி எடுத்தால், புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் ஒரு நாள் மிச்சமாகும்.

ஒரே ஊரில் தங்கும் மூன்றாவது வழி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு போகிறவர்களுக்கு மிகப் பொருத்தம். மற்றவர்களுக்கு, தினமும் மூன்று நான்கு மணி நேரம் போய்வருவதிலேயே கழிந்து, மாலை நேரங்களெல்லாம் ஒரே ஊரில் அமைந்துவிடும் என்பது குறை. நம் பள்ளி விடுமுறையான மே மாதத்தில் பாரிஸில் ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். அந்த நீண்ட மாலைகள் அங்கே தங்குகிறவர்களுக்குத்தான்.

எந்த ஊரில் எத்தனை இரவு என்று பிரித்துவிட்டால் விசா வேலையும் தெளிவாகும். எந்த ஷெங்கன் நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாட்டுக்கு. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். முடிவு சாதாரணமாக 15 நாளில் வரும், சில நேரம் 45 நாள்வரை இழுக்கும். கோடைக்கு விண்ணப்பிப்பவர்கள் ஜனவரியிலேயே தொடங்கிவிட வேண்டும். அடுத்ததாக, முன்பதிவு இல்லாமல் பார்க்கவே முடியாத இடங்கள். ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் வீட்டுக்கான சீட்டுகள் இணையத்தில் மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரம் கழித்து வரும் தேதிகளுக்குத் திறப்பார்கள். மிலானில் டாவின்சியின் ‘இறுதி விருந்து’ முன் கால் மணி நேரம் நிற்க, மாதக்கணக்கில் முன்னதாகவே சீட்டு எடுக்க வேண்டும். விடுமுறை நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒர்சேவும் ஃப்ளாரன்ஸின் உஃபிசி ஓவியக் கூடமும் திங்கட்கிழமை மூடல். வத்திக்கான் அருங்காட்சியகம், மாதக் கடைசி ஞாயிறு தவிர, ஞாயிறுகளில் மூடல். பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகம் செவ்வாய்க்கிழமை மூடல். திங்கள் மாலை பாரிஸ் வந்து புதன் காலை கிளம்பும் டூரில் லூவ்ருக்கு இடமே இல்லை; வெள்ளிவரை தங்குகிறவர், இரவு 9 மணிவரை திறந்திருக்கும் புதன்கிழமை மாலையில் நிதானமாக உள்ளே போகலாம்.