மொழி வாத்தியார் ஜப்பானில் குடித்தனம் வைக்க: சில பயனுள்ள குறிப்புகள்

ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஜப்பானுக்குப் போகிறவர்களுக்கு வகுப்பறைப் பயிற்சி தாராளமாகக் கிடைக்கும். வெளிநாட்டினரைப் பள்ளிகளுக்கு வரவழைக்க 1987-இல் ஜப்பான் அரசு தொடங்கிய ஜெட் திட்டத்தில் போனாலும் சரி, தனியார் பள்ளி வழியாகப் போனாலும் சரி, பாடம் எப்படி நடத்துவது என்று சொல்ல ஆள் உண்டு. இட்லி மாவு ஏன் பொங்கவில்லை என்று கேட்கத்தான் யாரும் இல்லையே என்று தோன்றும். அந்த ஆளும் பள்ளியிலேயே இருக்கிறார். ஜப்பான் பள்ளிகளில் எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பொதுவாக ஒரே பெரிய அறைதான். இயற்பியலும் வேதியியலும் நாலு மேசை தள்ளி உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருக்கும். கீழே உள்ளவற்றில் பாதி அந்த மேசைப் பேச்சில் தேறியவை.

1. ஊரிலிருந்து மிக்ஸி கொண்டு போகலாம். இஸ்திரிப் பெட்டியும் மின்சாரக் கெட்டிலும் வேண்டாம். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட், அங்கே 100 வோல்ட். சூடாக்கும் சாதனங்களில் வோல்ட் பாதியானால் வெப்பம் கால்வாசியாகிவிடும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டி அங்கே 190 வாட்டைக்கூடத் தொடாது. சட்டை வெதுவெதுப்பாவதோடு சரி. மிக்ஸிக்கு மின்னழுத்தத்தை உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்க வேண்டும். மிக்ஸியில் போட்டிருக்கும் வாட்டைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாகப் பாருங்கள். மோட்டார் கிளம்பும்போது அதிகம் இழுக்கும். அங்குள்ள சாதாரண பிளக் பாயிண்டின் எல்லை 1500 வாட் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

2. கிரைண்டர் வாங்கும் முன் எந்த ஊரில் குடியிருக்கப் போகிறீர்கள் என்று பாருங்கள். ஒரே நாட்டில் இரண்டு விதமான மின்சாரம்: டோக்கியோ பக்கம் 50 ஹெர்ட்ஸ், ஒசாகா பக்கம் 60. 1890-களில் டோக்கியோ ஜெர்மன் இயந்திரத்தை வாங்கியது, ஒசாகா அமெரிக்க இயந்திரத்தை வாங்கியது. அன்று விழுந்த கோடு ஷிசுவோகாவின் ஃபுஜி ஆற்றை ஒட்டி இன்றும் அப்படியே இருக்கிறது. 2011 நிலநடுக்கத்தில் கிழக்கே மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது மேற்கிலிருந்து கொஞ்சம்தான் அனுப்ப முடிந்ததற்கும் இதுவே காரணம். டேபிள்டாப் கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். ஹெர்ட்ஸ் ஏறினால் வேகமும் ஏறும். 60 ஹெர்ட்ஸ் ஊரில் கல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் சுற்றும், மாவும் சீக்கிரம் சூடாகும். அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் விடுங்கள். மிக்ஸி மோட்டார் வேறு ஜாதி, அதற்கு இந்தக் கவலை இல்லை.

3. கேஸ் அடுப்பை நண்பரிடமிருந்து இலவசமாக வாங்கிக்கொள்ளாதீர்கள். குழாயில் வரும் நகர எரிவாயுவுக்கு ஒரு அடுப்பு, சிலிண்டரில் வரும் எல்.பி. வாயுவுக்கு வேறு அடுப்பு. மாற்றிப் போட்டால் தீ சரியாக எரியாது, ஆபத்தும்கூட. அடுப்பின் மேலேயே எந்த வாயு என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். கசிவு எச்சரிக்கைக் கருவியும் இதைப் பொறுத்ததே: நகர எரிவாயு காற்றைவிட லேசு, கருவி கூரைக்கு அருகில் இருக்க வேண்டும், எல்.பி. கனம், தரைக்கு அருகில். வீடு மாறினால் இதை முதலில் பாருங்கள்.

4. வாடகை வீட்டில் இண்டக்‌ஷன் அடுப்பு என்றால், பெட்டி கட்டும்போதே குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தம் ஒன்றைக் குக்கரின் அடியில் வைத்துப் பாருங்கள். ஒட்டாத அலுமினியக் குக்கரைச் சுமக்க வேண்டாம்.

5. குளிர்காலத்தில் இட்லி மாவு. டோக்கியோவின் ஜனவரி சராசரி சுமார் 5 டிகிரி. வீட்டுக்குள்ளும் ஹீட்டர் அணைந்தால் சீக்கிரமே சில்லிட்டுவிடும். மாவைப் பொங்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 28 முதல் 30 டிகிரி வேண்டும். கடைகளில் மீன் வரும் தெர்மோகோல் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவி, மாவுப் பாத்திரத்தையும் வெந்நீர் நிரப்பிய இரண்டு பாட்டில்களையும் உள்ளே வைத்து மூடுங்கள். ஆறினால் பாட்டில் தண்ணீரை மாற்ற வேண்டும். வெந்நீர் பாட்டில் பாத்திரத்தைத் தொடக் கூடாது. ஒரு பக்கம் மட்டும் சூடேறிப் புளித்துவிடும்.

இதை உயிரியல் ஆசிரியரிடம் கேட்பதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. “மாவு பொங்கவில்லை” என்று சொன்னால் அவர் அனுதாபத்தோடு தலையசைப்பார், அவ்வளவுதான். “அறை 12 டிகிரி, மாவு 14, ஒரு பங்கு உளுந்து, நாலு பங்கு அரிசி, 20 மணி நேரமாயிற்று” என்று சொல்லிப் பாருங்கள். மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மாணவர் கட்டுரையில் ‘நிறைய’, ‘சீக்கிரம்’ என்று வரும் இடமெல்லாம் சிவப்பு மையில் சுழிக்கிறவர்கள் நாம்; நம் கேள்வியையும் அப்படியே திருத்திவிட்டுப் போனால் போதும்.

6. கடையில் கிடைக்கும் குண்டு அரிசி சாதத்துக்கு அருமை, இட்லிக்கு ஆகாது. அமைலோஸ் குறைவு என்பதால் பசைபோல ஒட்டும். டோக்கியோவாசிகளுக்கு நிஷி-கசாய், ஷின்-ஒகுபோ பக்கத்து இந்தியக் கடைகளில் உளுந்தும் புழுங்கலரிசியும் கிடைக்கும்.

7. துவரம்பருப்புக்கு ஊரில் வைக்கும் விசில் கணக்கை மறந்துவிடுங்கள். அங்கே பெரும்பாலும் மென்னீர். சுண்ணாம்புச் சத்து குறைந்த தண்ணீரில் பருப்பு சீக்கிரம் குழையும். போர் தண்ணீரில் பழகிய கைக்குச் சோப்புத்தூளும் அதிகமாகவே விழும்; பாதி போட்டால் போதும், இல்லையென்றால் அலசி மாளாது.

8. ரசத்துக்குக் கொம்பு. கொம்பு என்பது உலர்த்திய கடற்பாசிப் பட்டை. பழுப்புக் கலந்த கறுப்பாக, தோல் வார்போல இருக்கும். மேலே வெள்ளையாகப் படிந்திருப்பது பூஞ்சணம் இல்லை, மானிட்டால் என்ற இனிப்புப் பொருள். கழுவிவிடாதீர்கள், ஈரத்துணியால் லேசாகத் துடைத்தால் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் போட்டு இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அவசரமென்றால் 60 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம். கொதிக்கும் முன் பட்டையை எடுத்துவிட வேண்டும். விட்டால் வழவழப்பும் கடல் வாடையும் இறங்கிவிடும். அந்தத் தண்ணீரில் பருப்பு ரசம் வையுங்கள், உப்பு குறைவாகவே பிடிக்கும். காய்ந்த ஷீதாகே காளான் ஒன்றையும் கூட ஊறப்போட்டால் ருசி கூடுவதில்லை, பெருகுகிறது. கொம்பில் குளூட்டமேட், காளானில் குவானிலேட் என்ற சுவைப்பொருள்கள். இரண்டும் சேர்ந்தால் நாக்கு அதைத் தனித்தனிக் கணக்கைவிட மிக அதிகமாக உணர்கிறது. (சைவர்கள் கவனிக்க: உணவகத்து மிசோ சூப்பில் பெரும்பாலும் காய்ந்த மீன் சாறு இருக்கும். தைராய்டு தொந்தரவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுவிட்டே கொம்பைத் தொடவும். அதில் அயோடின் மிக அதிகம்.)

குளூட்டமேட் கதையில் ஒரு மொழி வாத்தியாரும் வருகிறார். நாவலாசிரியர் நட்சுமே சோசெகி, குமமோட்டோவில் ஆங்கில ஆசிரியராக இருந்தபோது, 1900-இல் அரசு அவரை லண்டனுக்குப் படிக்க அனுப்பியது. அங்கே தனிமையில் வாடிப்போனார். 1901-இல் ஜெர்மனியிலிருந்து வந்த வேதியியலாளர் இகெதா கிகுனாயே அதே விடுதி வீட்டில் கொஞ்ச காலம் தங்கினார். இருவரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பேச்சு சோசெகியைப் பிடித்துக்கொண்டது. இலக்கியத்தையும் முறையாக ஆராய வேண்டும் என்ற எண்ணத்துக்கு அது உரம் போட்டது. அதே ஆண்டு, தன் பழைய மாணவரும் இயற்பியல் படித்தவருமான தெரதா தொராஹிகோவுக்கு எழுதிய கடிதத்தில், அணுக் கொள்கை பற்றிய ஒரு சொற்பொழிவுச் செய்தியைப் படித்துவிட்டுத் தனக்கும் ஏதாவது அறிவியல் செய்யத் தோன்றுவதாகச் சொல்கிறார். இகெதா ஊர் திரும்பி, 1908-இல் கொம்புச் சாற்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அந்த ருசிக்கு ‘உமாமி’ என்று பெயர் வைத்தார். தெரதா பெரிய இயற்பியலாளரானார். சோசெகியின் ‘நான் ஒரு பூனை’ நாவலில் வரும் இளம் விஞ்ஞானிக்கு அவரே முன்மாதிரி என்பார்கள். வேதியியல் மேசைக்குப் போய்ப் பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு வேண்டுமென்றால், இந்தக் கதை போதும். அங்கே சோசெகியைத் தெரியாதவர் இல்லை.

9. குளிர்காலத்தில் ஜன்னல் வியர்த்து, சுவரில் பூஞ்சணம் பூக்கும். 20 டிகிரி அறையில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால், கண்ணாடி 12 டிகிரிக்குக் கீழே போனதும் நீர் கோர்க்கும். மண்ணெண்ணெய் ஹீட்டர் இதில் முதல் குற்றவாளி: ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் வரும். எதிரெதிரே இரண்டு ஜன்னல்களை மணிக்கொரு முறை சில நிமிடம் திறந்து வையுங்கள். நச்சு வாயு தேங்காமல் இருக்கவும் அது அவசியம். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள். மழைக்காலமான ஜூன், ஜூலையில் தோல் செருப்பும் பெல்ட்டும் பெட்டிக்குள் இருக்கக் கூடாது.

10. குளோரின் பிளீச்சையும் அமிலக் கழிப்பறைத் திரவத்தையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் பயன்படுத்தாதீர்கள். வினிகரும் எலுமிச்சை உப்பும் அமிலமே. கலந்தால் குளோரின் வாயு. புட்டியில் “கலக்காதே, ஆபத்து” என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். எழுத்து வாசிக்க வராத முதல் மாதங்களில் அந்தப் புட்டியைக் கைப்பேசியில் படமெடுத்துப் பள்ளியில் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

11. கைச்சூட்டுப் பொட்டலத்தைப் பாதியில் நிறுத்தலாம். உள்ளே இருப்பது இரும்புத்தூள், உப்பு, கரி, ஈரம். காற்றுப் பட்டு இரும்பு துருவேறும் சூடுதான் அது. வேலை முடிந்ததும் காற்றை வெளியேற்றி ஜிப் பையில் போட்டு மூடினால் துருவேறுவது அடங்கும், மறுநாள் மிச்சச் சூடு கிடைக்கும். தோலோடு ஒட்டி வைத்துத் தூங்க வேண்டாம். கொதிக்காத சூடும் மணிக்கணக்கில் பட்டால் புண்ணாக்கும்.

12. நிலநடுக்கத்துக்குப் பிறகு அடுப்பு எரியவில்லையா? குலுக்கத்தை அளக்கும் ஜப்பானிய அளவுகோலான ஷிந்தோவில் 5 அளவுக்குக் குலுங்கினால் கேஸ் மீட்டர் தானே மூடிக்கொள்ளும். வாயு வாடை இருந்தால் எந்தச் சுவிட்சையும் தொடாமல் வெளியேறி, எரிவாயு நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். வாடை இல்லையென்றால் எல்லா அடுப்பையும் கெய்சரையும் மூடி, மீட்டரின் மீட்புப் பொத்தானை அழுத்தி விடுங்கள். விளக்கு மினுக்கும், 3 நிமிடம் எதையும் பற்ற வைக்காமல் பொறுங்கள். ஊருக்கு போன் பேசும்போது ஷிந்தோவையும் ரிக்டரையும் குழப்பி அப்பா அம்மாவைப் பயமுறுத்தாதீர்கள். பல்பின் வாட் ஒன்று, நம் புத்தகத்தில் விழும் வெளிச்சம் வேறு; அதுபோலத்தான் இவையும். ரிக்டர் வகைக் கணக்கு நிலநடுக்கத்தின் மொத்த பலம். ஷிந்தோ நாம் நின்ற இடத்தில் எவ்வளவு குலுங்கியது என்பது. அதனால் ஒரே நடுக்கத்துக்கு ஊருக்கு ஊர் ஷிந்தோ மாறும்.

13. போன முதல் வாரத்திலேயே நூறு யென் கடைக்குப் போய் ஈரப்பதமும் வெப்பமும் காட்டும் சின்னக் கருவி ஒன்றும், சமையலறை வெப்பமானி ஒன்றும் தேடுங்கள். அங்கே இல்லாவிட்டால் வீட்டு உபயோகக் கடையில் நிச்சயம் கிடைக்கும். கிராம் காட்டும் தராசும் வேண்டும். நாட்காட்டியின் ஓரத்தில் மாவு வைத்த நேரத்தையும் சூட்டையும் குறித்து வையுங்கள். திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அதைத்தான் கேட்பார்கள்.