மக்களவைத் தேர்தலும் பட்டியலில் நம் பெயரும்

அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் மட்டும் 22 மொழிகள். இத்தனை மொழி பேசுகிறவர்களும் சேர்ந்து மக்களவைக்கு 543 பேரைத் தேர்ந்தெடுக்கிறோம். தமிழ்நாட்டுக்கு 39 இடங்கள். தொகுதியில் மற்றவர்களைவிட அதிக வாக்கு பெற்றவரே உறுப்பினர். பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற விதி இல்லை.

1951-52இல் முதல் தேர்தல் நடந்தபோது பெரும்பாலானோருக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, அதில் அவருடைய சின்னத்தை ஒட்டினார்கள். இன்று பெட்டி போய் இயந்திரம் வந்துவிட்டது, சின்னம் போகவில்லை.

வாக்காளர் பட்டியல் விஷயம் இத்தனை எளிதாக இருக்கவில்லை. வட மாநிலங்களில் பல பெண்கள் பெயர் எழுத வந்தவரிடம் 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்றே சொன்னார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் ஏற்கவில்லை. சுமார் 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடுமையான முடிவு என்றே நமக்குப் படுகிறது.

இன்று நம் வீடுகளில் பெயரை யாரும் மறைப்பதில்லை. எழுத்துதான் மாறுகிறது. ஆதாரில் முஹம்மது, ரேஷன் அட்டையில் முகம்மது, பட்டியலில் முகமது! கல்யாணமாகி வேறு ஊர் போன பெண்ணின் பெயரோ உம்மா வீட்டு முகவரியிலேயே கிடக்கிறது. வாக்காளர் அட்டை கையில் இருந்தால் மட்டும் போதாது, பட்டியலிலும் பெயர் இருக்க வேண்டும். பிழை திருத்தவும் முகவரி மாற்றவும் படிவம் 8, 18 வயது நிறைந்த பிள்ளைகளைச் சேர்க்கப் படிவம் 6. நம் பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமே கொடுக்கலாம்.