மணநாள் விருந்துக்கு ஸ்டேக் உணவகம்: கேட்டுவிட்டுப் போங்கள்

சிங்கப்பூரில் நட்சத்திர ஹோட்டல் ஸ்டேக் உணவகம் ஒன்றில் நான்கு பேர் இரவு சாப்பிட்டு எழுந்தால் பல நூறு வெள்ளி ஆகிவிடும். பெற்றோரின் மணநாள், அம்மாவின் அறுபதாவது பிறந்தநாள், பிள்ளை தேசிய சேவையை முடித்து வந்த நாள் என்று பெரிய காரணம் ஏதாவது இருந்தால்தான் நம்மில் பலர் அங்கே போகிறோம். அப்படிப்பட்ட ஒரு மாலை, கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதால் கெட்டுப்போகக் கூடாது.

எங்கள் வீட்டில் ஒருமுறை கெட்டது. அப்பா அம்மாவின் நாற்பதாவது மணநாள். தட்டு வந்ததும் அப்பா கத்தியை வைத்து ஒரு துண்டு அறுத்தார். உள்ளே சிவப்பு, வெள்ளைத் தட்டில் சிவந்த நீர் மெல்லப் பரவியது. “இன்னும் ரத்தம் வடியுதேப்பா” என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிட்டது ரொட்டியும் மசித்த உருளைக்கிழங்கும்தான். சமையல்காரர்மேல் குற்றமில்லை. யாருக்கு எப்படி வேகவேண்டும் என்று கேட்காமல் எல்லாருக்கும் சேர்த்து ‘மீடியம் ரேர்’ என்று நான்தான் சொல்லியிருந்தேன். இந்த வழிகாட்டியை எழுத வைத்தது அந்தத் தட்டுதான்.

முதல் வேலை: யார் எதைச் சாப்பிடுவார்?

உணவகத்தைத் தேடுமுன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களில் மாட்டிறைச்சி தொடாதவர் ஒருவராவது இருப்பார். பெரும்பாலான ஸ்டேக் உணவகங்களில் ஆட்டு விலா, கோழி, மீன், சிங்கி இறால் கிடைக்கும். ஆனால் ஒரே அடுப்புக் கம்பியில் சுடுகிறார்களா என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். முஸ்லிம் நண்பரை அழைப்பதானால் முயிஸ் அமைப்பின் ஹலால் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். மது விற்கும் ஸ்டேக் உணவகங்களில் அதை எதிர்பார்க்க முடியாது.

சைவ உணவு உண்பவருக்குத்தான் அதிகக் கவனம் தேவை. “காய்கறி இருக்கு” என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். உருளைக்கிழங்கு வறுவலைச் சில இடங்களில் மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள். சூப்புக்கு அடிப்படை எலும்புச் சாறாக இருக்கலாம். சீசர் சாலட் குழம்பில் நெத்திலி சேரும். கிரீம் சேர்த்த பசலைக் கீரையில் சிலர் பன்றி இறைச்சித் துண்டு போடுவதும் உண்டு. இரண்டு நாள் முன்னதாகச் சொன்னால் நல்ல சமையலறைகள் தனியாகச் சமைத்துத் தரும். மேசையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் இலைதழைதான் வரும்.

முன்பதிவு

வார இறுதி என்றால் இரண்டு மூன்று வாரம் முன்பே பதியுங்கள். பல இடங்களில் கடன்பற்று அட்டை எண்ணைக் கேட்பார்கள். வராமல் போனாலோ கடைசி நேரத்தில் ரத்து செய்தாலோ தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். அந்த விதியைப் படித்துவிட்டுப் பதியுங்கள். என்ன கொண்டாட்டம், யாருக்கு என்பதையும் அப்போதே சொல்லுங்கள். அமைதியான மூலை மேசை, சக்கர நாற்காலிக்கு வழி, சிறுபிள்ளைகளுக்கு அனுமதி, வெளியிலிருந்து கேக் கொண்டுவந்தால் கட்டணம் உண்டா, மேசை எத்தனை மணி நேரத்துக்கு நமக்கு என்பதையெல்லாம் ஒரே அழைப்பில் கேட்டுவிடலாம். செலவைக் குறைக்க நினைப்பவர்கள் மதிய உணவைப் பார்க்கலாம். பல உணவகங்கள் மதியத்தில் இரண்டு மூன்று வகை சேர்ந்த விருந்தைக் குறைந்த விலைக்குத் தருகின்றன.

உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் கூடாது. சேலை, ஜிப்பா, சட்டை எதுவும் பொருந்தும். அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். குளிரூட்டி கடுமையாக இருக்கும்.

எந்தத் துண்டு?

மெனுவைப் பார்த்ததும் பலருக்கு மலைப்பு வருவது இங்கேதான். விலை கூடிய துண்டுகள் எல்லாம் மாட்டின் முதுகுப் பக்கத்தவை. அதிகம் உழைக்காத தசை என்பதால் மென்மையாக இருக்கும். டெண்டர்லாயின் எல்லாவற்றிலும் மென்மையானது, கொழுப்பு குறைவு, ருசியும் சற்று அடக்கம். பல் வலுவில்லாத மூத்தோருக்கு ஏற்றது. ரிப்ஐ விலாப் பகுதி. இறைச்சிக்குள்ளேயே கொழுப்பு கொடிபோல ஓடும், சாறும் வாசமும் மிகுதி. ஸ்ட்ரிப்லாயின் கடிக்கக் கொஞ்சம் உறுதி, ஓரத்தில் ஒரு பட்டைக் கொழுப்பு. டீபோன் என்பது எலும்பின் ஒரு பக்கம் ஸ்ட்ரிப்லாயினும் மறுபக்கம் டெண்டர்லாயினும் சேர்ந்தது. ஆட்டுக்கறியில் கொழுப்போடு சேர்ந்த துண்டைத் தேடிச் சாப்பிடுபவருக்கு ரிப்ஐ பிடிக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வதும் அதைத்தான்.

டோமஹாக் என்பது நீண்ட விலா எலும்போடு வரும் ரிப்ஐ. பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும், இரண்டு மூன்று பேருக்குப் போதும். எலும்பின் எடைக்கும் சேர்த்தே விலை. 100 கிராம் கணக்கில் விலை போட்டிருந்தால், மொத்த எடையையும் மொத்த விலையையும் கேட்ட பிறகே சரி சொல்லுங்கள். இதைக் கேட்பதில் எந்தக் கூச்சமும் வேண்டாம். பரிமாறுபவர்கள் தினமும் பதில் சொல்கிற கேள்வி இது.

ஜப்பானிய வாக்யுவில் ஏ5 என்பது மிக உயர்ந்த தரம். இறைச்சிக்குள் ஓடும் கொழுப்பை அங்கே 12 படிகளில் அளக்கிறார்கள். ஏ5 பெற 8 அல்லது அதற்கு மேல் வேண்டும். வெண்ணெய்போல் கரையும், சீக்கிரமே திகட்டும். ஆளுக்கு 100 கிராம் தாராளம். ஒரு தட்டு வாங்கி எல்லாரும் பகிர்ந்துகொள்வதே சரி. ‘டிரை ஏஜ்டு’ என்று போட்டிருந்தால், குளிர் அறையில் சில வாரங்கள் திறந்தபடி பதப்படுத்தியது. நீர் வற்றி ருசி இறுகியிருக்கும், வாசம் கூடுதல். எல்லாருக்கும் அந்த வாசம் ஒத்துக்கொள்ளாது.

எந்தப் பதம்?

அப்பா பார்த்தது ரத்தம் அல்ல. மாட்டை அறுக்கும்போதே ரத்தம் வடிந்துவிடும். தசையில் ஆக்சிஜனைச் சேர்த்துவைக்கும் மயோகுளோபின் என்ற புரதம் நீரோடு கலந்து சிவப்பாகத் தெரிகிறது. இதை அன்றைக்கே நான் அறிந்திருந்தால் அப்பாவிடம் சொல்லியிருப்பேன். ஆனாலும் அவருக்குப் பிடிக்காததை விளக்கம் சொல்லிச் சாப்பிட வைக்கவும் கூடாது.

மீடியம் ரேர் என்றால் நடுப்பகுதி ஏறக்குறைய 54 முதல் 57 டிகிரி செல்சியஸ், வெதுவெதுப்பான சிவப்பு. மீடியம் 60 முதல் 63 வரை, இளஞ்சிவப்பு. மீடியம் வெல் 65க்கு மேல். நடுவில் லேசான சாயல் மட்டும். வெல் டன் 71க்கு மேல், சிவப்பே இருக்காது. நன்றாக வெந்த கறியைச் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு மீடியம் வெல் நல்ல தொடக்கம். கொழுப்புள்ள ரிப்ஐ அந்தச் சூட்டிலும் சாறு காக்கும், டெண்டர்லாயின் காய்ந்துபோகும். வாக்யுவுக்கு மீடியம் பொருந்தும், கொழுப்பு உருகினால்தான் அதற்கு ருசி. கர்ப்பிணிகளுக்கு முழுதாக வெந்ததே பாதுகாப்பு. இரண்டு பதங்களுக்கு நடுவே தயங்கினால் குறைந்த பதத்தைச் சொல்லுங்கள். வேகாததைத் திருப்பிக் கொடுத்தால் மீண்டும் சூடேற்றித் தருவார்கள். கூடுதலாக வெந்ததை யாராலும் திருத்த முடியாது. தட்டு வந்ததும் நடுவில் அறுத்துப் பாருங்கள், தவறு இருந்தால் அப்போதே சொல்லுங்கள்.

மேசையில்

காய்கறி, உருளைக்கிழங்கு, காளான் எல்லாம் பெரும்பாலும் தனி விலை, பகிர்ந்து உண்ணும் அளவு. நான்கு பேருக்கு மூன்று போதும். தண்ணீர் எது வேண்டும் என்று கேட்டால், புட்டித் தண்ணீருக்குத் தனிக் கட்டணம் என்பது நினைவிருக்கட்டும். குழாய்த் தண்ணீர் கேட்கலாம். இறைச்சியை மொத்தமாக நறுக்கி வைக்காமல், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு துண்டாக, நார் ஓடும் திசைக்குக் குறுக்கே அறுங்கள். சூடும் சாறும் நிற்கும்.

கணக்கு

விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதற்கும் மேல் பொருள் சேவை வரி. 2024 ஜனவரி முதல் வரி 9 விழுக்காடு. 400 வெள்ளிக்குச் சாப்பிட்டால் சேவைக் கட்டணத்தோடு 440, வரியும் சேர்ந்து 479 வெள்ளி 60 காசு. தனியாக அன்பளிப்பு வைக்கும் வழக்கம் இங்கே இல்லை.

விலையைப் பார்த்தால் நம் பெற்றோருக்குச் சாப்பாடு இறங்காது. விலை போடாத மெனு இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள், சில உணவகங்களில் உண்டு. இல்லையென்றால் அவர்களுக்குப் பிடித்ததை வீட்டிலேயே பேசி முடிவுசெய்துவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் உங்கள் அட்டையைப் பரிமாறுபவரிடம் கொடுத்து, கணக்கை மேசைக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

மீந்ததைக் கட்டித் தரச் சொல்லுங்கள். வீட்டுக்குப் போனதும் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் மெல்லிய சீவல்களாக அரிந்துகொண்டு, வெங்காயம், கறிவேப்பிலை, இடித்த மிளகை முதலில் வதக்கி, இறைச்சியைக் கடைசியில் போட்டு சூடேறியதும் இறக்குங்கள். நெடுநேரம் வதக்கினால் ரப்பர்போல் ஆகிவிடும். அடுத்த மணநாளுக்கு அப்பாவிடம் கேட்டு மீடியம் வெல் ரிப்ஐ சொன்னோம். பாதியைச் சாப்பிட்டார். மீதியை மறுநாள் அம்மா இப்படித்தான் வதக்கிச் சுடுசோற்றோடு வைத்தார். அதையும் அப்பாதான் சாப்பிட்டார்.