திடலுக்கு எந்தப் பிக்கலோ? நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்காவின் பல உயர்நிலைப் பள்ளிகளில் ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ அணிவகுப்பு பேண்டுக்கான பயிற்சி முகாம் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய வாரங்களில், ஃப்ளூட் வாசிக்கும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் ஒரு கேள்வி எழும்: பிக்கலோ வாங்க வேண்டும், எதில் வாங்குவது? ஃப்ளூட்டில் பாதி நீளம், ஏறத்தாழ 32 செ.மீ., ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் சின்னக் குழல் அது. பிளாஸ்டிக், வெள்ளி முலாம், வெள்ளி, மரம் என்று வகை மாற மாற விலையும் மடங்கு மடங்காக ஏறும். கடைக்காரர் ஒன்று சொல்வார், மூத்த மாணவர் வேறொன்று சொல்வார். இரண்டிலும் பாதி தவறாக இருக்கும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெயிலிலும் புழுதியிலும் வாசிக்கப் போகும் பிள்ளைக்குப் பிளாஸ்டிக் உடலும் கூம்பு வடிவ உள்துளையும் கொண்ட குழல் போதும். போதும் என்பதுகூடச் சரியில்லை, அதுதான் நல்லது.

“உலோகப் பிக்கலோதான் திடலின் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும்” என்பது மிகப் பரவலான நம்பிக்கை. பிக்கலோ தொலைவுக்குக் கேட்பது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் உலோகம் அல்ல, சுருதி. அதன் அடிச் சுரம் சுமார் 587 ஹெர்ட்ஸ். உச்சியில் 4186 ஹெர்ட்ஸ் வரை போகும். மனிதக் காது மிகக் கூர்மையாகக் கேட்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரையான பகுதியில். காதின் வெளித்துளையே சுமார் 3000 ஹெர்ட்ஸில் ஒலியைப் பெருக்கித் தருகிறது. நூறு டிரம்பெட்டும் டிராம்போனும் முழங்கும்போது ஒரே ஒரு பிக்கலோ தனித்துத் தெரிவது இதனால்தான். ஜான் பிலிப் சூசா 1896-ல் எழுதிய ‘தி ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ரைப்ஸ் ஃபாரெவர்’ அணிவகுப்பு இசையில் பிக்கலோவுக்கென்று வரும் பகுதியைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

குழலில் அதிர்வது உள்ளே இருக்கும் காற்று. சுவர் அந்தக் காற்றுக்கு எல்லை வகுக்கிறது, அவ்வளவே. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் 1971-ல் இதைச் சோதித்துப் பார்த்தார். மெல்லிய வெள்ளி, கனத்த செம்பு, மரம் ஆகிய மூன்றிலும் உள்ளளவு ஒன்றாக இருக்கும்படி ஃப்ளூட்டுகள் செய்து, ஊதும் தலைப்பகுதியை மட்டும் எல்லாவற்றுக்கும் ஒரே பொருளில் வைத்தார். தேர்ந்த செவிகளால் அவற்றைப் பிரித்தறிய முடியவில்லை. கையில் இருப்பது எதுவென்று தெரியாமல் வாசித்த கலைஞர்களாலும் முடியவில்லை. 2001-ல் வியன்னாவில் வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என ஏழு ஃப்ளூட்டுகளை ஏழு கலைஞர்களிடம் கொடுத்து அளந்தபோது, பொருளால் வந்த வேறுபாடு அரை டெசிபலைக்கூட எட்டவில்லை. ஆளுக்கு ஆள் வந்த வேறுபாடு அதைவிடப் பெரிது.

அப்படியென்றால் மரப் பிக்கலோ இனிமையாக ஒலிக்கிறது என்று சொல்பவர்கள் கற்பனையில் பேசுகிறார்களா? இல்லை, அவர்கள் கேட்பது மெய்யான வேறுபாடுதான். மரக் குழலின் ஊதுதுளையை வெட்டும் விதம் வேறு, சுவரின் தடிமன் வேறு, பெரும்பாலும் அதில் உதட்டுத் தகடு கிடையாது, செய்பவரும் கூடுதல் கவனத்தோடு கையால் செதுக்குகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்துளை கூம்பு வடிவம். பழைய உலோகப் பிக்கலோக்கள் பலவற்றின் உள்துளை நேர் உருளை. அதில் உச்சச் சுரங்கள் எளிதாக வரும். ஆனால் கீழ்ச் சுரங்கள் நலிந்து ஒலிக்கும், ஸ்தாயிகளுக்கு இடையே சுருதி ஒட்டாமல் இழுக்கும். இரண்டு பிக்கலோ ஒரே சுரத்தை வாசிக்கும்போது அந்த இழுபறி அரங்கம் முழுக்கக் கேட்கும். ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டியது “இதன் உள்துளை கூம்பா, உருளையா?” என்பதுதான். மரமா உலோகமா என்பது அதற்கு அப்புறம்.

அடுத்தது சுருதி பற்றிய நம்பிக்கை. “வெயிலில் உலோகம் விரிவதால் சுருதி ஏறுகிறது, பிளாஸ்டிக் என்றால் ஏறாது” என்பார்கள். குழல் நீண்டால் சுருதி இறங்கத்தான் வேண்டும், ஏறக் கூடாது. இந்த வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது. வெப்பநிலை 20 பாகையிலிருந்து 35 பாகைக்கு உயர்ந்தால் 32 செ.மீ. உலோகம் நீள்வது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. மாறுவது காற்று. ஒவ்வொரு பாகைக்கும் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு 0.6 மீட்டர் கூடுகிறது, சுருதி ஏறத்தாழ 3 சென்ட் ஏறுகிறது. நூறு சென்ட் சேர்ந்தது ஓர் அரைச்சுரம். உள்ளே இருக்கும் காற்று முழுவதும் 15 பாகை சூடேறினால் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட பாதி ஏறிவிடும். வாசிப்பவரின் மூச்சு ஏற்கெனவே வெதுவெதுப்பாக இருப்பதால் நடப்பில் அவ்வளவு வராது. ஆனாலும் ஆகஸ்ட் நண்பகலில் சேர்த்த சுருதி நவம்பர் இரவுப் போட்டிக்கு உதவாது, எந்தப் பொருளில் செய்த குழலானாலும் சரி. தலைப்பகுதியைக் கொஞ்சம் இழுத்தோ உள்ளே தள்ளியோ அன்றன்றைக்குச் சேர்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மரத்தைப் பற்றிய பயம் பாதி நியாயமானது. வாசிக்கும்போது உட்சுவர் மூச்சின் ஈரத்தில் ஊறி உப்பும். வெளிப்புறம் குளிரில் வறண்டு இறுகியிருக்கும். இந்த இழுவிசையில்தான் மரம் வெடிக்கிறது, அதிலும் தலைப்பகுதி முதலில். ஆனால் வெளியில் எடுத்தால் நிச்சயம் வெடிக்கும் என்பது தவறு. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத் திருவிழாவான ஃபாஸ்நாக்ட், சாம்பல் புதனுக்கு அடுத்த திங்கள் விடிகாலை 4 மணிக்குத் தெருவிளக்குகளை அணைத்துத் தொடங்குகிறது. பிப்ரவரி, மார்ச் குளிரில் தெருத் தெருவாக வாசித்துப் போகும் அந்தக் குழுக்களின் கையில் மரப் பிக்கலோக்கள் இருக்கின்றன. பழக்கிய மரம், சூடேற்றிய குழல், உடனுக்குடன் உள்ளே துடைக்கும் வழக்கம் எல்லாம் இருந்தால் முடியும். பதினைந்து வயதுப் பிள்ளை, பயிற்சி இடைவேளையில் குழலைப் புல்லில் வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க ஓடும் இடத்தில் அதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எனக்கு இதில் இன்னொரு வருத்தமும் உண்டு. நல்ல பிக்கலோக்கள் செய்யப்படும் கிரெனடில்லா மரம் தான்சானியா, மொசாம்பிக் காடுகளில் பல பத்தாண்டுகள் நின்று மெதுவாக வளர்வது. நம் ஈட்டி மரத்தின் இனம்தான். 2017-ல் அந்தப் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் வந்தது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019-ல் விலக்கு கிடைத்தது. அப்படிப்பட்ட மரத்தைக் கச்சேரி அரங்குக்கு வைத்துக்கொள்ளலாம். திடலுக்கு இழுக்க வேண்டாம்.

பிளாஸ்டிக் என்றால் மழை ஒன்றும் செய்யாது என்று நம்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உடலுக்கு ஒன்றும் ஆகாது, சரி. துளைகளை மூடும் பேடுகள் கம்பளிப் பட்டையின் மேல் மெல்லிய சவ்வு போர்த்தியவை. அவை ஊறினால் உப்பும், சவ்வு கிழியும், காற்று கசியும். எஃகு ஸ்பிரிங்குகள் துருப்பிடிக்கும். துளைகள் இத்தனை சிறிதாக இருக்கும் குழலில் மயிரிழைக் கசிவே கீழ்ச் சுரங்களைக் கெடுத்துவிடும். தூறல் விழுந்தால் பிளாஸ்டிக் குழலையும் உள்ளே எடுத்து வையுங்கள்; ஈரமான பேடின் அடியில் சிகரெட் தாள் வைத்து மூடி ஒற்றி எடுங்கள், தாளை இழுக்க வேண்டாம்.

முலாம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஒலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெட்டியில் ‘நிக்கல் சில்வர்’ என்று போட்டிருந்தால் அது நாம் ஜெர்மன் சில்வர் என்று அறிந்த உலோகம்: செம்பு, நிக்கல், துத்தநாகம், வெள்ளி துளியும் இல்லை. வெள்ளி முலாம் கறுப்பது துரு அல்ல. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகத்தோடு சேர்வதால் வருவது, குழலுக்குக் கேடில்லை. பளபளக்க வேண்டுமென்று பாலிஷ் பசை போட்டுத் தேய்த்தால்தான் கேடு: முலாம் தேயும், பசை கீ அச்சுகளுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். உலர்ந்த துணி போதும். நிக்கல் முலாம் மட்டும் யோசிக்க வேண்டியது. வியர்த்த கையில் வழுக்குகிறது என்பார்கள், சிலருக்கு உதட்டிலும் விரலிலும் அரிப்பு வரும். நீலம், சிவப்பு வண்ணம் பூசிய மலிவு விலைக் குழல்களில் வண்ணம் ஒரு குற்றமல்ல. கீகளின் உலோகம் மென்மையாக இருந்து எளிதில் வளைவதும், மாற்று உறுப்பு கிடைக்காததுமே குற்றம்.

“பழைய மரப் பிக்கலோ மலிவாகக் கிடைக்கிறது, விடக்கூடாது” என்று தோன்றினால் நிதானியுங்கள். சூசா காலத்து பேண்டுகளில் டி-ஃப்ளாட் பிக்கலோவே வழக்கம். இன்றைய குறிப்புகள் சி பிக்கலோவுக்கு எழுதப்பட்டவை, வித்தியாசம் முழு அரைச்சுரம். அந்தக் காலத்தில் சுருதித் தரமும் இரண்டு இருந்தது. உயர்சுருதிக் குழல்களில் ‘எச்.பி.’ என்று முத்திரை இருக்கும். அவற்றை இழுத்து இறக்கினாலும் சுரங்களின் இடைவெளி கெட்டுவிடும். கையில் சுருதிமானியும் பக்கத்தில் ஒரு நல்ல சி பிக்கலோவும் இல்லாமல் பழையதை வாங்காதீர்கள்.

கடைசியாக, பிளாஸ்டிக் மென்மையாக ஒலிக்கும், காதுக்குப் பாதுகாப்பு என்ற நம்பிக்கை. இதை மட்டும் யாரும் நம்பிவிடக் கூடாது. குழலை வலப்பக்கம் பிடிப்பதால் வலக்காது துளைகளுக்கு மிக அருகில் இருக்கிறது. மேல் சுரங்களில் அங்கே நூறு டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். 85 டெசிபலில் 8 மணி நேரம், அதன்மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதி என்பது அமெரிக்கப் பணிநலக் கழகத்தின் வரம்பு. அந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடம்தான். முகாமில் பிள்ளைகள் நாள் முழுக்க வாசிக்கிறார்கள். இசைக்கலைஞர்களுக்கான காதடைப்பானைக் குழலோடு சேர்த்தே வாங்குங்கள். குறைந்தபட்சம் வலக்காதுக்காவது அது முதல் நாளிலிருந்தே இருக்கட்டும்.