48 வோல்ட்டுக்கு ஏன் மோதிரத்தைக் கழற்ற வேண்டும்?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோயிலுக்குச் செல்லும் சாலையில் நீங்கள் பயணம் செய்திருக்கலாம். சாலையின் இரு பக்கமும் கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று விதவிதமான தொழிற்சாலைகள். நோக்கியா நிறுவனம் 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் கைப்பேசி உற்பத்தியைத் தொடங்கியதும், 2014 நவம்பரில் அங்கே உற்பத்தி நின்றுபோனதும் பலருக்கு நினைவிருக்கும். அவ்வளவாகப் பேசப்படாத இன்னோர் ஆலையும் இந்த வட்டாரத்தில் உண்டு. ஒரகடத்தில் 2008இல் தொடங்கப்பட்ட அந்த ஆலையில் கைப்பேசி செய்வதில்லை. கைப்பேசிகள் ஒன்றோடொன்று பேச உதவும் வலையமைப்புக் கருவிகளைச் செய்கிறார்கள். 2018இல் 5ஜி கருவிகளும் அந்த வரிசையில் சேர்ந்தன.

கைப்பேசி நம் சட்டைப்பையில் இருக்கிறது. இந்தக் கருவிகளோ நம் கண்ணில் படுவதே இல்லை. தொலைபேசி நிலையங்களிலும் கைப்பேசிக் கோபுரங்களின் அடியிலும் உள்ள அறைகளில், ஆள் உயர இரும்புச் சட்டங்களில் திருகி நிறுத்தப்பட்டிருக்கும். இந்தச் சட்டத்தை எல்லோரும் 'ரேக்' என்றே சொல்வார்கள். பரவலாகப் பயன்படும் ரேக்கின் முகப்பு அகலம் 19 அங்குலம், அதாவது 482.6 மில்லிமீட்டர். கருவிகளின் உயரத்தை 44.45 மில்லிமீட்டர் கொண்ட படிகளாக அளப்பார்கள். ஒரு கருவி ஒரு படி உயரம் இருக்கும். இன்னொன்று நான்கு படி இருக்கும். எந்த நாட்டில் செய்த கருவியானாலும் திருகுத் துளைகள் பொருந்திவிடும்.

இந்த ரேக்கில் கருவியைப் பொருத்த வரும் பணியாளர், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். கருவிக்கு வரும் மின்னழுத்தம் எவ்வளவு? வெறும் 48 வோல்ட். நம் வீட்டுச் சுவரில் இருப்பதோ 230 வோல்ட்! நான்கில் ஒரு பங்குகூட இல்லாத இதற்கா இவ்வளவு பயம்?

இதற்கு விடை காணும் முன், அந்த 48 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம்.

24 மின்கலங்களின் வரிசை

இந்தியாவின் முதல் தொலைபேசி நிலையங்கள் 1882 ஜனவரி 28 அன்று கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களில் திறக்கப்பட்டன. பின்னாளில், ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியே மின்கலம் வைப்பதற்குப் பதிலாக, தொலைபேசி நிலையத்திலேயே பெரிய மின்கல அடுக்கை வைத்து, அங்கிருந்து கம்பி வழியே எல்லாத் தொலைபேசிகளுக்கும் மின்சாரம் அனுப்பும் முறை வந்தது. ஒரு காரீய அமில மின்கலம் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். 24 கலங்களை வரிசையாக இணைத்தால் 48 வோல்ட். இதைவிட மிகக் குறைந்தால் சில கிலோமீட்டர் நீளமுள்ள மெல்லிய கம்பியைத் தாண்டி மின்னோட்டம் போதிய அளவு போய்ச் சேராது. மிக உயர்ந்தால் கம்பியைத் தொடும் மனிதருக்கு ஆபத்து. இரண்டுக்கும் நடுவே நின்ற எண் அது.

மின்வாரியத்தின் மின்சாரம் ஒரு திருத்தி வழியாக நேர்மின்னோட்டமாக மாறி, கருவிக்கும் போகிறது, கலங்களுக்கும் ஊட்டப்படுகிறது. கலம் ஒன்றுக்கு 2.25 வோல்ட் வீதம் 24 கலங்களுக்கு 54 வோல்ட். ஆகவே '48 வோல்ட்' என்று பெயர் பெற்ற கம்பியில் சாதாரண நாட்களில் மீட்டர் 54 காட்டும்! மின்வெட்டு ஏற்பட்டால் மாற்றிவிட ஆளோ சுவிட்சோ வேண்டியதில்லை. கலங்கள் ஏற்கனவே அதே கம்பியில்தானே இணைந்திருக்கின்றன? ஒரு நொடிகூட இடைவெளி விழாது.

ஆனால் கலங்களுக்கும் எல்லை உண்டு. 200 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள அடுக்கு 50 ஆம்பியர் தந்தால், கணக்குப்படி 4 மணி நேரம். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது சென்னையிலும் சுற்று வட்டாரங்களிலும் மின்சாரம் வர நாட்கணக்கில் ஆயிற்று. பல இடங்களில் கைப்பேசிகள் ஊமையாயின. மொட்டை மாடியில் நின்றவர்கள் உதவி கேட்க வழியின்றித் தவித்தார்கள். இந்த அறைகளில் நடக்கும் வேலை நமக்கும் சம்பந்தப்பட்டதுதான்.

கழித்தல் குறி எதற்கு?

கருவியின் மேல் '48' என்று மட்டும் எழுதியிருக்காது. 'கழித்தல் 48' என்றிருக்கும். அதாவது மின்கல அடுக்கின் நேர்முனையைப் பூமியோடு இணைத்துவிடுகிறார்கள். பூமியை 0 வோல்ட் என்று கொண்டால் மறுமுனை −48 வோல்ட் ஆகிறது. இப்படித் தலைகீழாகச் செய்வானேன்?

ஒரு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி இரண்டு கரண்டி உப்பைக் கரையுங்கள். மூன்று டார்ச் செல்களை வரிசையாக இணைத்து, இரு முனைகளிலிருந்தும் செப்புக் கம்பிகளை நீருக்குள் விடுங்கள். கம்பிகள் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். (டார்ச் செல் மட்டுமே! வீட்டு மின்சாரத்தில் இதைச் செய்யவே கூடாது.) எதிர்முனைக் கம்பியில் குமிழிகள் கிளம்பும், கம்பிக்கு ஒன்றும் ஆகாது. நேர்முனைக் கம்பியோ மெல்ல அரிக்கப்படும். அதைச் சுற்றி நீர் நிறம் மாறி வண்டல் படியும். அரை மணி கழித்து இரண்டையும் வெளியே எடுத்து ஒப்பிடுங்கள்.

மண்ணுக்கடியில் செல்லும் தொலைபேசிக் கம்பியின் உறையில் விரிசல் விழுந்து ஈரம் புகுந்தால் இதே கதைதான். ஈர மண் உப்பு நீர் போல நடந்துகொள்ளும். கம்பி பூமியைவிட நேராக இருந்தால் செம்பு கரைந்து கம்பி அறுந்துபோகும். எதிராக இருந்தால் தப்பிக்கும். அதனால்தான் கழித்தல் குறி. இன்று கண்ணாடி இழைகளும் ஞெகிழி உறைகளும் வந்துவிட்டதால் அந்தக் காரணம் பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் பழக்கம் நிலைத்துவிட்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய கார்களில் எதிர்முனையைத்தான் வண்டி உடலோடு இணைக்கிறார்கள். கார் மின்வேலை பழகிய கை இங்கே வந்தால், சிவப்பு, கறுப்பு என்று பழைய நினைவில் தலைகீழாக இணைத்துவிடக் கூடும். கம்பி நிறங்களும் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், மீட்டரை வைத்து எது நேர், எது எதிர் என்று அளந்த பிறகே இணைக்க வேண்டும்.

மோதிரத்தின் கணக்கு

இப்போது மோதிரத்துக்கு வருவோம். உலர்ந்த தோலையுடைய மனித உடலின் மின்தடை 10,000 ஓம் என்று வைத்துக்கொண்டால், 48 வோல்ட்டில் பாயும் மின்னோட்டம் 0.0048 ஆம்பியர். பெரிதாக உணரக்கூட மாட்டோம். (வியர்வையில் நனைந்த கை வேறு. மின்தடை 1,000 ஓமுக்கு இறங்கினால் மின்னோட்டம் பத்து மடங்காகிவிடும். நம் ஊர்ச் சித்திரை மாதத்தில் இதை மறக்கக் கூடாது.)

ஆனால் உலோகத்துக்குத் தோல் கிடையாதே! மின்கல அடுக்கின் உள்மின்தடை மிகச் சிறியது. கம்பிகளையும் சேர்த்து 0.02 ஓம் என்று கொள்வோம். ரேக்கின் இரும்புச் சட்டம் பூமியோடு இணைந்தது. பூமி நேர்முனையோடு இணைந்தது. ஆகவே பணியாளரின் மோதிரம் எதிர்முனையையும் சட்டத்தையும் ஒரே நேரத்தில் தொட்டால் போதும், குறுக்குச் சுற்று! 48ஐ 0.02ஆல் வகுத்தால் 2,400 ஆம்பியர். மோதிரமும் அது தொடும் இடங்களும் சேர்ந்து 0.001 ஓம் என்றால், அங்கே பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது: 5,760 வாட்டை ஒட்டி வரும். ஏறக்குறைய ஆறு இஸ்திரிப் பெட்டிகள்! அதில் பாதியே மோதிரத்துக்குள் போனாலும், 5 கிராம் பொன் மோதிரம் உருக அரை விநாடிகூட வேண்டாம். அதற்குள் அணிந்திருப்பவரின் விரல் என்னவாகும் என்று எழுத வேண்டியதில்லை.

உருகி காப்பாற்றாதா என்று கேட்பீர்கள். மின்கல முனைக்கும் முதல் உருகிக்கும் இடையே எந்தக் காவலனும் இல்லை. அங்கே கை வைக்கும்போது ஸ்பேனரின் கைப்பிடிக்குக்கூட மின்காப்பு நாடா சுற்றியிருக்க வேண்டும்.

ஆக, இங்கே பகை மின்னழுத்தம் அன்று, மின்னோட்டம். 2,400 வாட் கருவி 230 வோல்ட்டில் 10 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். 48 வோல்ட்டில் 50 ஆம்பியர் இழுக்கும். கம்பி தடிமனாக இருக்க வேண்டியதும் இதனால்தான். 10 மீட்டர் தூரத்துக்கு, போக வர 20 மீட்டர் செப்புக் கம்பி என்று கொள்ளுங்கள். வீட்டுக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 50 ஆம்பியரில் வழியிலேயே ஏறக்குறைய 7 வோல்ட் தொலைந்து, 344 வாட் வெப்பம் கம்பியை வாட்டும். 16 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் இழப்பு 1 வோல்ட்டுக்குச் சற்றே அதிகம். வெப்பம் 54 வாட், அதுவும் 20 மீட்டருக்கும் பரவியது. செம்பின் மின்தடை எண்ணை உங்கள் இயற்பியல் நூலில் பார்த்து இந்தக் கணக்கை நீங்களே சரிபார்க்கலாம்.

திருகு தளர்ந்தால்

மோதிர விபத்து சத்தத்தோடு நிகழ்வது. இதைவிட எனக்கு அச்சம் தருவது சத்தமில்லாத ஒன்று: சரியாக இறுக்காத திருகு.

கம்பியின் நுனியில் 'லக்' எனும் செப்புக் காதை அழுத்திப் பொருத்தி, அதைப் போல்ட் வைத்துக் கருவியில் இறுக்குகிறார்கள். அந்த இடத்தில் தொடுகை சரியில்லாமல் 0.01 ஓம் மின்தடை கூடுதலாக வந்துவிட்டது என்று கொள்வோம். ஓம் கணக்கில் இது ஒன்றுமே இல்லைதான். ஆனால் 50 ஆம்பியரின் வர்க்கம் 2,500, அதை 0.01ஆல் பெருக்கினால் 25 வாட். வானொலி பழுது பார்ப்பவரின் மேசையில் இருக்கும் சால்டரிங் இரும்பும் 25 வாட்தான். ஈயத்தை உருக்கும் அந்த இரும்பை இரவும் பகலும் ஒரு லக்கின்மேல் வைத்ததற்குச் சமம்! சூட்டில் செம்பின் மேற்பரப்பு கறுக்கும், மின்தடை கூடும், சூடு மேலும் ஏறும். கடைசியில் கம்பியின் உறை உருகும், புகையும்.

உருகி இதைத் தடுக்காது என்பதைக் கவனியுங்கள். ஏனெனில் மின்னோட்டம் 50 ஆம்பியரைத் தாண்டவே இல்லை. எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே உருகி நினைத்துக்கொண்டிருக்கும்! அதனால்தான் எவ்வளவு விசையில் இறுக்க வேண்டும் என்று குறித்து, அந்த அளவு காட்டும் ஸ்பேனரால் இறுக்குகிறார்கள். இறுக்கிய பின் நட்டின் மேலிருந்து தகட்டின் மேல்வரை வண்ணப் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். நட்டு சற்றே நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். மிக எளிய, மிக அழகான உத்தி.

நேர்மின்னோட்டத்துக்கு இன்னொரு குணம் உண்டு. வீட்டு மாறுதிசை மின்னோட்டம் ஒரு விநாடியில் 100 தடவை பூஜ்யத்தைத் தொடுவதால், சுவிட்சை அணைக்கும்போது தோன்றும் பொறி சீக்கிரம் அவியும். நேர்மின்னோட்டம் பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. பொறி நீண்டு வில்லாக எரியும். எனவே ஓடும் கருவியின் கம்பியை வெறுமனே உருவக் கூடாது. பிரேக்கரும் நேர்மின்னோட்டத்துக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். வீட்டுப் பிரேக்கரை வாங்கி மாட்டுவது சரியில்லை.

எது முதல், எது கடைசி

முதலில் காலி ரேக்கைத் தரையோடு போல்ட்டால் பிணைக்கிறார்கள். கனமான கருவி கீழே, லேசானது மேலே. உச்சியில் பாரம் ஏற்றிய வைக்கோல் வண்டி திருப்பத்தில் என்ன ஆகும் என்று தெரியுமல்லவா? கனமான கருவியை ஒருவர் மட்டும் தூக்குவது கிடையாது.

அடுத்து, பச்சையில் மஞ்சள் கோடு போட்ட எர்த் கம்பி. பொருத்தும்போது எல்லாக் கம்பிகளுக்கும் முதலாக இணைவது அது. கழற்றும்போது எல்லாவற்றுக்கும் கடைசியாகப் பிரிவதும் அதுவே. கருவிக்குள் எந்தக் கோளாறு ஏற்பட்டாலும் மின்னோட்டம் மனிதர் வழியே போகாமல் அந்த வழியே போய்விடும். அதன் பிறகே மின் கம்பிகள். பிரேக்கர்கள் அணைந்திருக்க, முதலில் கருவிப் பக்கம் இணைத்து, மின்கலப் பக்கத்தைக் கடைசியில் இணைப்பார்கள். அதிலும் நேர்முனை முந்தி, −48 பிந்தி. இப்படிச் செய்தால் கையில் பிடித்திருக்கும் கம்பி கடைசி நொடிவரை உயிரற்றதாகவே இருக்கும்.

கருவியின் அட்டைகளைத் தொடும்போது மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிக்கொள்வதைப் பார்க்கலாம். இது மனிதரிடமிருந்து கருவியைக் காப்பது! நடந்து வரும்போதே நம் உடலில் சில ஆயிரம் வோல்ட் நிலைமின்னூட்டம் சேரலாம். நமக்குத் தெரியாது, ஒரு சில்லுக்கு அது மரண அடி. பட்டை அந்த மின்னூட்டத்தைப் பூமிக்கு வடித்துவிடும். அந்தக் கம்பிக்குள் 10 லட்சம் ஓம் மின்தடை ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறார்கள். ஏன் தெரியுமா? பட்டை கட்டியவர் தவறி 230 வோல்ட்டைத் தொட்டாலும் அதன் வழியே பாய்வது 0.00023 ஆம்பியர்தான்.

இத்தகைய கருவிகளுக்குப் பெரும்பாலும் 'ஏ', 'பி' என்று இரண்டு மின்வழிகள் தனித்தனியே வரும். ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும். பழுது பார்க்கும்போது ஒன்றை மட்டும் அணைத்துவிட்டு, கருவி செத்துவிட்டது என்று கை வைப்பது ஆபத்து. இரண்டையும் அணைத்து, மீட்டரால் அளந்து பார்க்க வேண்டும். புதிதாகப் பொருத்தியவர் எல்லாவற்றையும் இணைத்து, இரண்டு வழிகளிலும் −54 வோல்ட் வருகிறதா என்று அளந்து, பிரேக்கர்களை ஒவ்வொன்றாகப் போடுவார். விசிறிகள் சுழலும், பச்சை விளக்குகள் எரியும். அத்துடன் கிளம்பிவிட மாட்டார். 'ஏ' வழியை அணைத்துப் பார்ப்பார். விளக்குகள் அணையக் கூடாது. அதைப் போட்டுவிட்டு 'பி' வழியை அணைத்துப் பார்ப்பார்.