ஆலைக்கு அருகில் வாழ்வோர் அறியவேண்டியவை

கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் மரங்கள் நின்ற பல இடங்களில் இன்று தொழிற்சாலைகள் எழுந்துள்ளன. தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் பல அவற்றின் அருகிலேயே குடியிருக்கின்றன. ஆலை ஊதியம் தருகிறது, ஆபத்தையும் தரக்கூடும். அந்த ஆபத்தை நாம் சரியாக எடைபோடுகிறோமா?

1991 மே 7-ஆம் நாள் சுங்கை பூலோவில் பட்டாசுத் தொழிற்சாலையொன்று வெடித்தது. 26 பேர் மாண்டனர். நூற்றுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். சுற்றிலும் இருந்த வீடுகளும் சேதமுற்றன. அது வரை அக்கம்பக்கத்தாருக்கு அது நாள்தோறும் கண்டு பழகிய ஓர் ஆலை.

ஆபத்தைக் குறைத்து மதிப்பிட மூன்று காரணங்கள் உண்டு. முதலாவது, பழக்கம்: நேற்று ஒன்றும் நேரவில்லை, இன்றும் நேராது என்று எண்ணுகிறோம். இரண்டாவது, பிழைப்பு: சோறு போடும் இடத்தைக் குறைகூற நா எழுவதில்லை. மூன்றாவது, மூக்கை மட்டும் நம்புதல். ரப்பர் பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அமோனியாவின் நெடியை நாம் அறிவோம். சிறிதளவு கசிந்தாலும் அது நம்மை எச்சரித்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கோ மணமே இல்லை. ஆகவே, நாற்றமில்லையெனில் ஆபத்தில்லை என்பது தவறு. புகைபோக்கியில் எழும் வெண்மையெல்லாம் நஞ்சு என்று அஞ்சுவதும் தவறே. அது வெறும் நீராவியாகவும் இருக்கலாம்.

அறியாமையின் விலையைப் போபால் நகரம் காட்டியது. 1984 டிசம்பர் 2-ஆம் நாள் நள்ளிரவையொட்டி மெத்தில் ஐசோசயனேட் என்னும் நச்சு வாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மடிந்தனர். ஈரத்துணியால் முகத்தை மூடுவது ஓரளவு உதவும் என்பதைக்கூட அம்மக்களுக்கு எவரும் முன்னரே சொல்லி வைக்கவில்லை.

நம் நாட்டில் 1994-இல் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பிறந்தது. பெருந்தொழில் விபத்துகளைத் தடுக்கும் விதிகள் 1996-இல் வந்தன. அவற்றின்படி, அபாயப் பொருள்களைப் பேரளவில் வைத்திருக்கும் ஆலை, விபத்து நேர்ந்தால் செய்யவேண்டியதை அருகில் வாழ்வோருக்குத் தெரிவித்தல் வேண்டும். எனவே, கேட்டறிவது நம் உரிமை; அதில் அச்சமோ கூச்சமோ வேண்டா.

வாயு கசிந்தால், மரக்கிளை அசையும் திசையைக் கொண்டு காற்றின் போக்கை அறியுங்கள். காற்று செல்லும் திசையிலேயே ஓடாமல், அதற்குக் குறுக்காக விலகிச் செல்லுங்கள். வீட்டினுள் இருக்குமாறு அதிகாரிகள் பணித்தால், கதவு சன்னல்களை அடைத்துக்கொள்ளுங்கள். 999 எண்ணுக்குத் தகவல் கொடுங்கள்.

இன்று மாலையே குடும்பத்தாருடன் அமர்ந்து மூன்று வினாக்களுக்கு விடை காணுங்கள்: அருகிலுள்ள ஆலையில் என்ன இருக்கிறது? அதன் அபாயச் சங்கொலி எப்படி இருக்கும்? பிள்ளைகளை யார் அழைத்துச் செல்வது? விடை தெரியாவிடில், நாளையே கேட்டறிவோம்.