கொல்லிமலையில் ஒரு கிதாரிசை

ஓவியம் சுவரில் நிற்கும்; சிற்பம் கல்லில் நிற்கும்; நரம்பில் எழுந்த ஒலியோ காற்றிற் கலந்து அக்கணமே ஒழியும். ஒழியும் ஒலியைப் பிடித்து நிறுத்தும் கருவியை எடிசன் 1877-ஆம் ஆண்டிற் கண்டார். அன்று ஆய்வுக்கூடத்திற்கே உரியதாயிருந்த அவ்வாற்றல், இன்று மலைச்சிற்றூரின் ஓட்டு வீட்டிலுள்ள மாணவனுக்கும் எளிதாயிற்று. அதனைக் கையாளும் முறையையும், கையாண்டபோது யான் கற்ற பாடத்தையும் ஈண்டுக் கூறுவேன்.

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறுதல் வேண்டும். அம்மலைக்குரிய வல்வில் ஓரியின் கொடையை வன்பரணர் புறநானூற்றில் (152, 153) பாடியுள்ளார். ஓரியை நாடி வந்த பாணர் பெற்ற பரிசிலை நாம் அறிவோம். அவர் மீட்டிய யாழின் ஒலியை அறியோம். சொல் ஏட்டில் நின்றது, இசை நின்றிலது. யாழின் அமைப்பையும் அதன் நரம்படைவையும் மீட்டறிய விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்தார். அதன் பயனாக 1947-இல் 'யாழ்நூல்' வெளிவந்தது.

செம்மேட்டையடுத்த சிற்றூர் ஒன்றில் என் தாய்மாமன் வாழ்கின்றார். அவர் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர். மாலைதோறும் திண்ணையிலமர்ந்து அவர் கிதாரில் வாசிக்கும் பாட்டொன்று உண்டு. அதற்குச் சொல் இல்லை, பெயரும் இல்லை. சென்ற ஆண்டு முதல் மூட்டுவாதம் அவர்தம் இடக்கை மோதிரவிரலைப் பற்றியது. விடுமுறைக்குச் சென்ற என்னிடம், "மாப்பிள்ளை, அடுத்த மழைக்காலத்தில் இவ்விரல் நரம்பை அழுத்துமோ, அழுத்தாதோ" என்றார். அன்றே நண்பரிடம் ஒலிவாங்கி ஒன்றும், ஒலியைக் கணினிக்கு மாற்றித் தரும் ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றும் இரவல் கேட்டெழுதினேன்.

வீட்டிற் பதிந்த இசை தாழ்ந்ததாகும் என்று ஐயுறுவார்க்கு இரு சான்றுகள் கூறுவேன். அமெரிக்கக் கிதார் வல்லுநர் லெஸ் பால், தாமே வாசித்த பல கிதார்ப் பகுதிகளைத் தம் வீட்டுக் கார்க்கொட்டகையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து, 1948-இல் 'லவர்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். நம் நாட்டில் ஏ. ஆர். ரகுமான் சென்னைக் கோடம்பாக்கத்தில் தம் வீட்டை ஒட்டியே பதிவுக்கூடம் அமைத்தார். 1992-இல் வெளிவந்த 'ரோஜா' படத்தின் இசை அத்தகைய உழைப்பின் விளைவேயாம்.

இடமும் காலமும்

ஒலிப்பதிவில் முதற்கருவி அறையே. வெறுஞ்சுவர்கள் எதிரெதிர் நிற்கும் அறையிற் கை தட்டினால், ஒலி இருபுறமும் மோதிப் படபடக்கும். அதனை ஒழிக்க, மாமன் வீட்டிலிருந்த பவானி ஜமுக்காளங்கள் இரண்டையும் கம்பளிகளையும் சுவரினின்று சிறிது விலக்கிக் கொடியில் தொங்கவிட்டோம். அறையின் மூலையில் தாழ்ந்த ஒலி தேங்குமாதலின், வாசிப்பவரை மூலையிலும் இருத்தவில்லை. நட்ட நடுவிலும் இருத்தவில்லை.

ஓட்டின்மேல் மழை பொழியுங்காற் பதிதல் இயலாது. பகலிற் பேருந்தின் ஓசையும் கோழியின் கூவலும் உண்டு. ஆகவே மழை ஓய்ந்த இரவில், 10 மணிக்குமேல் தொடங்கினோம். மின்விசிறியை நிறுத்தினோம். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் அளவிலும் அதன் மடங்குகளிலும் இரையுமாதலின், மடிக்கணினியை அதன் மின்கலத்திலேயே இயக்கினோம். மலையின் ஈரக்காற்றில் கிதாரின் மரம் விம்மிச் சுருதி பிறழும். எனவே ஒவ்வொரு முறை வாசித்த பின்னரும் சுருதி சேர்த்தோம். புதுக்கம்பிகளை முதல்நாளே மாட்டி இழுத்துப் பழக்கியிருந்தோம்.

பதிவு

கிதாரின் வட்டத்துளைக்கு நேரே ஒலிவாங்கியை வைப்பது தொடக்கத்தில் பலரும் செய்யும் பிழை. துளையினின்று தாழ்ந்த ஒலி மிக்கெழுவதால் இசை குமுறும். கழுத்தும் உடலும் கூடுமிடத்தையோ 12-ஆம் ஃபிரெட்டையோ நோக்கி, ஏறத்தாழ ஒரு சாண் தொலைவில் வைத்தல் நன்று. தொலைவு பாதியாயின் நேரொலி ஏறத்தாழ 6 டெசிபல் மிகும். ஆதலின் அணுகி வைக்குந்தோறும் சுவரொலியும் வெளியே சீவிடும் பூச்சியின் ஒலியும் பின்தங்கும். மிக அணுகினாலோ விரல் உராயும் ஓசை பெருகும்.

நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்னும் அளவிற் பதிந்தோம். உரத்த இடத்திலும் அளவுகாட்டி சுழிக்குக் கீழே 10 டெசிபல் அளவில் நிற்குமாறு கெயினை அமைத்தோம். சுழியைக் கடந்தால் ஒலி முறிந்து கரகரக்கும். அக்கேட்டை எக்கருவியும் முற்றத் தீர்க்காது.

பக்கக் கிதாரை முதலிற் பதிந்து, தாளங்காட்டும் கிளிக் ஒலிக்கு இசைய முதற்கிதாரைப் பின்னர்ப் பதிவது பொதுவழக்கு. மாமனோ கிளிக்கின் கீழ் வாசித்தபோது கட்டுண்டார்போல் ஆயினார். அவர் பாட்டு சில இடங்களில் விரையும். சில இடங்களில் நின்று நினைக்கும். ஆதலின் வழக்கைத் தலைகீழாக்கி, அவர் கிதாரைத் தனியே முதலிற் பதிந்தோம். பின்னர் ஹெட்போனில் அதனைப் பன்முறை கேட்டு, அவர் நின்ற இடத்தில் நின்று, யான் பக்கக் கிதாரை இருமுறை வாசித்துச் சேர்த்தேன்.

கலவை

பதிந்த பகுதிகளை ஒன்றாக இயைத்தலை மிக்ஸிங் என்பர். சிலப்பதிகார அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் குழலின் வழி யாழும், யாழின் வழி தண்ணுமையும், அதன் பின் முழவும் நின்ற முறையைக் காட்டுகின்றார். எது முன்செல்வது, எது வழிநிற்பது என முதலில் துணிதலே கலவையின் இலக்கணமும் ஆகும். அது துணியாதார் ஒவ்வொன்றையும் மாறிமாறி உயர்த்தி, ஈற்றில் எல்லாவற்றையும் இரைச்சலாக்குவர்.

மாமனின் கிதாரை நடுவில் நிறுத்தினேன். இருமுறை வாசித்த பக்கக் கிதாரை இடமொன்றும் வலமொன்றுமாகப் பிரித்து வைத்தேன். கிதாரின் மிகத் தாழ்ந்த கம்பி 82 ஹெர்ட்ஸில் ஒலிப்பது. ஆதலின் ஈக்வலைசரால் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றைக் குறைத்தபோது, இசை குறையாமல் காற்றின் உறுமல் குறைந்தது. பக்கக் கிதாரில் மட்டும் 200 ஹெர்ட்ஸை அடுத்த பகுதியைச் சிறிது தாழ்த்தி, முதற்கிதாருக்கு இடம் விட்டேன். மிகை ஒலியை அடக்கும் கம்ப்ரெசரை 2-க்கு 1 என்னும் மெல்லிய விகிதத்தில் இட்டேன். அறை எதிரொலியைத் தரும் ரிவெர்ப்பைச் சமையலில் உப்புப்போல், எடுத்தால் குறை தெரியும் அளவே சேர்த்தேன். நெடுநேரம் கேட்ட செவி ஏமாறுமாதலின், ஓரிரவு கழித்து, குறைந்த ஒலியிலும் கைப்பேசியின் சிற்றொலியிலும் கேட்டுத் திருத்தினேன்.

ஒரு சுரம்

அவ்விரவு மாமன் மும்முறை வாசித்தார். இரண்டாவதே உயிருள்ளது, ஆயின் அதன் நடுவே மோதிரவிரல் தடுக்க, ஒரு சுரம் மங்கிற்று. அவரும் இமைப்பொழுது நின்று தொடர்ந்தார். மூன்றாவதில் அச்சுரம் தெளிவாயிருந்தது. அதனை வெட்டி இரண்டாவதில் ஒட்டினேன். ஒட்டிய இடம் எவர்க்கும் தோன்றாதென்று மகிழ்ந்தேன்.

மாமன் கண்மூடிக் கேட்டார். அவ்விடம் கடந்ததும் கண்திறந்து, "இங்கே நான் தடுக்கினேனே, அது எங்கே?" என்றார். நான் செய்ததைக் கூறினேன். அவர் சினந்திலர். தம் விரலைச் சற்றே நோக்கிப் பின், "மாப்பிள்ளை, இந்த விரல் இருந்தபடி இருக்கட்டும். தொடக்கத்தில் நான் இருமினேன் அல்லவா, அதை மட்டும் எடுத்துவிடு" என்றார்.

இருமலை நீக்கினேன், மங்கிய சுரத்தை மீட்டு வைத்தேன். இப்பொழுது அவ்விடத்தைக் கேட்குந்தோறும், அவர் நின்றதும் தொடர்ந்ததும் என் செவிக்குத் தெரிகின்றன. காற்றையும் மின்னிரைச்சலையும் இருமலையும் நீக்குதல் பதிவாளன் கடன். வாசித்தவரை நீக்குதல் அவன் கடனன்று.

தோழர்காள்! நும் இல்லத்தும் பாட்டியின் தாலாட்டோ, தந்தையின் புல்லாங்குழலோ இருக்கும். சிறந்த கருவி கிட்டும்வரை காத்திராதீர். இருக்கும் கைப்பேசியை ஒரு கம்பளியின்மேல் வைத்து, சாளரத்தை அடைத்து, இந்த விடுமுறையிலேயே பதிந்துகொள்ளுங்கள்.